ஈமாக்ஸ் திரை எழும்பாதபோது: அறிகுறியிலிருந்து மூலநிரல் வரை

ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியைத் திறந்தால் சாளரம் வரவில்லை. அல்லது வந்த சாளரத்தில் எழுத்துரு தப்பாக இருக்கிறது. அல்லது ஒரே ஒரு வரிப் பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு ஷெல்லுக்கே திரும்பிவிடுகிறது. இந்த நிலையில் எல்லோரும் முதலில் கை வைப்பது தங்கள் இனிட் கோப்பில்தான், அதாவது ஈமாக்ஸ் தொடங்கும்போது படிக்கிற சொந்த அமைப்புக் கோப்பில்தான். வரிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள், அரைநாள் போய்விடும். பல நேரங்களில் அந்தக் கோப்பை ஈமாக்ஸ் இன்னும் தொட்டிருக்கவே தொட்டிருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பிழை எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று தெரிந்துவிட்டால் தேடவேண்டிய இடம் ஒரு கோப்பு, சில சமயம் ஒரே ஒரு ஃபங்ஷன் என்று சுருங்கிவிடும்.

ஃபங்ஷன் பெயர்களையும் மாறிகளையும் ஒலிக்கிறபடியே எழுதியிருக்கிறேன். ஈமாக்ஸ் சி, லிஸ்ப் என்ற இரண்டு மொழிகளில் எழுதப்பட்டது. சி நிரலில் தேடும்போது சொற்களுக்கு நடுவே அடிக்கோடும், லிஸ்ப்பில் தேடும்போது இடைக்கோடும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்று கட்டங்கள்

ஈமாக்ஸ் எழும்போது எந்தத் திரையும் கையில் இருக்காது. ஆனால் உள்ளே உள்ள நிரல் எதற்கெடுத்தாலும் 'இந்த ஃபிரேம் எந்த டெர்மினலைச் சேர்ந்தது' என்று கேட்கும். ஃபிரேம் என்பது ஈமாக்ஸ் காட்டுகிற ஒரு சாளரம் அல்லது முழு எழுத்துத் திரை; இங்கே டெர்மினல் என்பது அது உட்காரும் திரை இணைப்பு. அதற்காக ஒரு பொம்மை டெர்மினலை வைத்திருக்கிறார்கள். பெயர் 'இனிஷியல் டெர்மினல்', வகை 'அவுட்புட் இனிஷியல்'. அதன்மேல் உட்காரும் ஃபிரேமின் பெயர் எஃப்1. இது முதல் கட்டம். எழுத்தும் கிடையாது, நிறமும் கிடையாது.

இரண்டாவது, முடிவெடுக்கும் கட்டம். 'டிஸ்ப்நியூ' என்ற சி கோப்பில் 'இனிட் டிஸ்ப்ளே' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. புதிய பதிப்புகளில் அதன் வேலையில் பெரும்பகுதி 'இனிட் டிஸ்ப்ளே இன்டர்ஆக்டிவ்' என்று தனியாகப் பிரிந்திருக்கும். சாளரமா, டெர்மினலா (அதாவது ஷெல் ஓடுகிற எழுத்துத் திரையா) என்று தீர்மானிக்கிற இடம் இதுதான். சாளரம் என்றால் 'இனிஷியல் விண்டோ சிஸ்டம்' என்ற மாறியில் எக்ஸ் (லினக்ஸ், யூனிக்ஸ்), டபிள்யூ32 (விண்டோஸ்), என்எஸ் (மேக்), பிஜிடிகே (வேலண்ட்), ஹைக்கூ, ஆண்ட்ராய்டு இவற்றில் ஒன்றை எழுதிவிட்டு அப்படியே திரும்பிவிடும். கவனியுங்கள், அந்தத் தருணத்தில் சாளரம் எதுவும் திறக்கப்படவில்லை. பெயர் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, உண்மையிலேயே திறக்கிற கட்டம். இங்கேதான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. டெர்மினல் என்றால் அதே சி ஃபங்ஷனுக்குள்ளேயே 'இனிட் டிடிஒய்' அழைக்கப்பட்டு, லிஸ்ப் துவங்கும் முன்பே திரை பிடிக்கப்பட்டுவிடும். சாளரம் என்றால் லிஸ்ப் துவங்கி, 'ஸ்டார்ட்அப்' கோப்பு ஓடி, 'விண்டோ சிஸ்டம் இனிஷியலைசேஷன்' வழியாகப் போய்தான் எக்ஸ் இணைப்போ மற்றதோ திறக்கும்.

எந்த அறிகுறி வந்தாலும் முதலில், இனிட் கோப்பைப் படிக்கவிடாத பெரிய க்யூ ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதோடும் அதே பிழை வந்தால் உங்கள் இனிட் கோப்பு குற்றவாளி இல்லை. அதை மூடி வைத்துவிட்டுக் கீழே வாருங்கள்.

அறிகுறி: சாளரம் வரவேண்டும், ஆனால் டெர்மினலுக்குள்ளேயே திறக்கிறது

எக்ஸ் கட்டமைப்பில் முடிவு இப்படி எடுக்கப்படுகிறது. கட்டளை வரியில் டிஸ்ப்ளே ஆப்ஷன் கொடுக்கவில்லை என்றால், டிஸ்ப்ளே என்ற சூழல் மாறியைப் பார்க்கும். அது காலி என்றால் பேச்சே இல்லை, டெர்மினல்தான். மதிப்பு இருந்தால் 'எக்ஸ் டிஸ்ப்ளே ஓகே' என்ற சின்ன ஃபங்ஷன் அந்த எக்ஸ் சர்வரோடு (திரையை வரைகிற நிரல்) ஒரு இணைப்பைத் திறந்து பார்க்கும், திறந்தால் உடனே மூடிவிடும். திறக்கவில்லை என்றால் 'இந்த டிஸ்ப்ளே கிடைக்கவில்லை, என்டபிள்யூ (சாளரம் வேண்டாம் என்னும் ஆப்ஷன்) கொடுத்ததாக வைத்துக்கொள்கிறேன்' என்ற பொருளில் ஒரு வரியைப் பிழை வெளியீட்டில் எழுதிவிட்டு டெர்மினலுக்குப் போய்விடும்.

அந்த வரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எழுதிய அடுத்த நொடியே டெர்மினல் திரை முழுவதையும் ஈமாக்ஸ் எடுத்துக்கொள்வதால் அது மறைந்துவிடும். பிழை வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு ஈமாக்ஸைத் திறந்து மூடுங்கள், அப்புறம் கோப்பைப் பாருங்கள். வரி இருந்தால் எக்ஸ் சர்வர் எட்டவில்லை. வரியே இல்லை என்றால் டிஸ்ப்ளே மாறி காலி, அல்லது உங்கள் ஈமாக்ஸ் எக்ஸ் இல்லாமலேயே கட்டப்பட்டது. இரண்டாவதைச் சோதிக்க ஈமாக்ஸுக்குள் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன் ஃபீச்சர்ஸ்' மாறியைப் பாருங்கள். அதில் எக்ஸ்11 என்ற சொல் இல்லாவிட்டால் வேறு எதையும் தேட வேண்டாம்.

எக்ஸ் சர்வர் எட்டாமல் போக வழக்கமான காரணம், இணைப்பைத் துண்டித்தாலும் ஷெல்களை ஓடவிட்டு வைக்கும் டிமக்ஸ். எஸ்எஸ்ஹெச் (தொலைக் கணினிக்குள் நுழையும் கட்டளை) வழியாக எக்ஸ் திருப்பிவிடும்போது டிஸ்ப்ளே மாறி 'லோக்கல்ஹோஸ்ட்:10.0' என்பது போல இருக்கும். எண் 10இல் தொடங்குவது எஸ்எஸ்ஹெச் சர்வரின் இயல்பான அமைப்பு. அடியில் அது டிசிபி போர்ட் 6010. நீங்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுநாள் வேறொரு எஸ்எஸ்ஹெச் இணைப்பில் வந்து பழைய டிமக்ஸ் அமர்வில் ஒட்டிக்கொண்டால், உள்ளே ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லில் நேற்றைய எண்தான் இருக்கும். அந்தப் போர்ட்டில் இப்போது யாரும் இல்லை. டிமக்ஸுக்கு வெளியே டிஸ்ப்ளே மாறியின் மதிப்பைப் பார்த்து, உள்ளே உள்ள ஷெல்லில் அதையே வைத்தால் தீர்ந்தது.

இதிலேயே இன்னொரு வடிவம் உண்டு, அதுதான் என்னை ரொம்பவும் அலைக்கழித்தது. ஒரு சர்வரில் ஈமாக்ஸ் என்று தட்டினால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒன்றுமே நடக்காது, அப்புறம் டெர்மினலில் அமைதியாகத் திறக்கும். பெரிய க்யூ போட்டாலும் அதேதான். என்டபிள்யூ போட்டால் உடனே திறந்தது. யாரோ ஷெல் கோப்பில் டிஸ்ப்ளே மாறிக்கு வேறொரு கணினியின் ஐபி முகவரியை எழுதி வைத்திருந்தார்கள். நடுவில் இருந்த ஃபயர்வால் மறுப்பும் சொல்லாமல் பாக்கெட்டுகளை விழுங்கிக்கொண்டிருந்தது. போர்ட்டில் யாரும் இல்லை என்றால் மறுப்பு உடனே வந்துவிடும், தாமதமே இருக்காது. பாக்கெட் விழுங்கப்பட்டால் மட்டும் லினக்ஸின் இயல்பான அமைப்பில் ஒரு டிசிபி முயற்சியைக் கைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் நிரல் 'எக்ஸ் டிஸ்ப்ளே ஓகே'யில்தான் உட்கார்ந்திருக்கும். நிரலின் கணினி அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டால் கனெக்ட் என்ற அழைப்பில் நிற்பது பளிச்சென்று தெரியும்.

கட்டளை வரியில் டிஸ்ப்ளே ஆப்ஷனை நீங்களே கொடுத்தால் கதை மாறும். அப்போது இந்த முன்சோதனை நடப்பதில்லை. முடிவு நேராக எக்ஸ் என்று எழுதப்பட்டு, மூன்றாம் கட்டத்தில் இணைப்பு திறக்காதபோது ஈமாக்ஸ் பிழையோடு நின்றுவிடும். சூழல் மாறி வழியாக வந்தால் டெர்மினலுக்கு இறங்குகிறது, ஆப்ஷன் வழியாக வந்தால் செத்துப்போகிறது என்பது முரணாகத் தோன்றலாம். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது: பயனர் வாய்விட்டுக் கேட்டதைக் கொடுக்க முடியாவிட்டால் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சூடோ (ரூட் அனுமதியோடு ஓட்டும் கட்டளை) போட்டுத் திறக்கும்போது மட்டும் வருகிறது என்றால், டிஸ்ப்ளே மாறி சரியாக இருந்தாலும் எக்ஸ் சர்வரின் அனுமதிச் சாவி இருக்கும் எக்ஸ்அத்தாரிட்டி கோப்பு அந்தப் பயனருக்குக் கிடைக்காமல் போயிருக்கும். ஈமாக்ஸையே சூடோவில் ஓட்டாமல், உங்கள் ஈமாக்ஸுக்குள்ளிருந்தே வேறு பயனராகக் கோப்புகளைத் திறக்கும் டிராம்ப் வழியாக அந்தக் கோப்பைத் திறப்பது நல்லது.

அறிகுறி: 'இந்த டெர்மினல் வகை வரையறுக்கப்படவில்லை'

இப்போது நாம் டெர்மினல் வழியில், 'டெர்ம்' என்ற சி கோப்பில் 'இனிட் டிடிஒய்'க்குள் இருக்கிறோம். சூழல் மாறியான டெர்மின் மதிப்பை எடுத்துக்கொண்டு டெர்மினல் வகைகளின் திறன்களைப் பட்டியலிடும் டெர்ம்இன்ஃபோ தரவுத்தளத்தில் தேடியது, கிடைக்கவில்லை. கிட்டி போன்ற புதிய டெர்மினல்கள் தங்களுக்கென்று ஒரு பெயரை வைத்துக்கொள்கின்றன. உங்கள் கணினியில் அந்தப் பெயர் பதிவாகியிருக்கும், எஸ்எஸ்ஹெச் போட்டுப் போகிற கணினியில் இருக்காது. எஸ்எஸ்ஹெச் மற்ற மாறிகளைக் கொண்டுபோகாவிட்டாலும் டெர்மின் மதிப்பை மட்டும் கூடவே கொண்டுபோய்விடும்.

டெர்ம் மாறியில் வேறு பெயரைப் பொய்யாக எழுதினாலும் ஓடும், ஆனால் சில விசைகள் தப்பாக வரும். சரியான வழி, உங்கள் கணினியில் இன்ஃபோகாம்ப் கட்டளையின் வெளியீட்டை எடுத்து, அந்தக் கணினியில் டிக் கட்டளைக்கு ஊட்டுவது. வீட்டு அடைவிலேயே பதிந்துகொள்ளும், ரூட் அனுமதி வேண்டாம்.

இதே ஃபங்ஷனிலிருந்து வருகிற இன்னொன்று, 'இந்த வகைக்கு ஈமாக்ஸை ஓட்டும் அளவுக்குத் திறன் இல்லை, கர்சரை நகர்த்த முடியாது' என்பது. டெர்ம் மாறியில் 'டம்ப்' என்று இருக்கும். ஈமாக்ஸுக்குள் திறந்த ஷெல்லிலிருந்து இன்னொரு ஈமாக்ஸைத் திறக்கப் பார்த்தால் இது வரும். உள்ளே இருந்து திறக்க, ஏற்கனவே ஓடுகிற ஈமாக்ஸிடம் கோப்பைக் கொடுக்கும் ஈமாக்ஸ்கிளையண்டைப் பயன்படுத்துங்கள்.

டெர்ம் மாறியே இல்லை என்றால் அதை வைக்கச் சொல்லி ஒரு வரி வரும், அதற்கு விளக்கம் தேவையில்லை.

அறிகுறி: 'ஸ்டாண்டர்ட் இன்புட் டிடிஒய் இல்லை'

டெர்மினல் வழியில் போக முடிவானதும் நடக்கும் முதல் சோதனை இது. உள்ளீடு ஒரு டெர்மினலா என்று 'இஸ்எடிடிஒய்' கேட்கிறது, இல்லை என்றால் அங்கேயே முடிந்தது. நீங்கள் சாளரத்தை எதிர்பார்த்திருந்து இந்தச் செய்தி வந்தால், உண்மையான கோளாறு இதற்கு முந்தைய படியில், அதாவது மேலே சொன்ன டிஸ்ப்ளே சோதனையில் இருக்கிறது. அதை முதலில் பாருங்கள்.

டெர்மினலைத்தான் கேட்டீர்கள் என்றால் காரணம் அநேகமாக இவற்றுள் ஒன்று. எஸ்எஸ்ஹெச் கட்டளையின் கடைசியிலேயே ஈமாக்ஸ் என்று கொடுத்திருப்பீர்கள். அப்படிக் கொடுத்தால் எஸ்எஸ்ஹெச் டெர்மினல் ஒதுக்காது, சிறிய டி ஆப்ஷன் வேண்டும். டாக்கரில் ஐ மட்டும் போட்டு டி போடாமல் நுழைந்திருப்பீர்கள். அல்லது எக்ஸார்க்ஸ் வழியாகக் கோப்புப் பெயர்களை அனுப்பியிருப்பீர்கள். அங்கே உள்ளீடு டெர்மினலாக இருக்காது.

விண்டோஸில் இது தனி ரகம். விண்டோஸுக்கென்று கட்டிய ஈமாக்ஸ் டெர்ம் மாறியைப் பார்ப்பதே இல்லை, வகை 'டபிள்யூ32கன்சோல்' என்று தானே வைத்துக்கொள்ளும். ஆனால் மின்டிடிஒய் சாளரத்தில் என்டபிள்யூ போட்டு அதைத் திறந்தால், பழைய சிக்வின், எம்எஸ்ஒய்எஸ் (விண்டோஸில் யூனிக்ஸ் சூழல் தருபவை) பதிப்புகளில் இந்தச் செய்திதான் வரும். மின்டிடிஒய் கொடுப்பது யூனிக்ஸ் பாணி டெர்மினல். விண்டோஸ் நிரலின் கண்ணுக்கு அது வெறும் பைப். விண்டோஸ் 10இன் 1809 பதிப்போடு வந்த போலி கன்சோல் வசதியை சிக்வினும் பிற்பாடு பயன்படுத்திக்கொண்டது. பழையதில் மாட்டிக்கொண்டிருந்தால் இடையில் கன்சோலாக நிற்கும் வின்பிடிஒய் வழியாக ஓட்டுங்கள், அல்லது சாதாரண கமாண்ட் ப்ராம்ப்டுக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி: மேக்கில் எஸ்எஸ்ஹெச் வழியாக வந்தாலும் சாளரத்தையே திறக்கப் பார்க்கிறது

மேக், விண்டோஸ் கட்டமைப்புகளில் முடிவெடுக்கும் பகுதி டிஸ்ப்ளே மாறியைக் கேட்பதே இல்லை. என்டபிள்யூ இல்லை என்றால் சாளரம், அவ்வளவுதான். அதனால் தொலைவிலிருந்து வரும்போது என்டபிள்யூவை நீங்களே போடவேண்டும்.

அறிகுறி: தனியாகத் திறந்தால் எழுத்துரு சரி, டெமனிலிருந்து திறந்தால் தப்பு

இது இரண்டாம், மூன்றாம் கட்டப் பிழை இல்லை. முதல் கட்டத்தின் விளைவு. ஆனால் இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள்.

டெமனாக, அதாவது பின்னணியில் ஓடும்போது ஈமாக்ஸ் எந்தத் திரையையும் திறப்பதில்லை. அந்தப் பொம்மை டெர்மினலிலேயே தங்கி, அங்கிருந்தே உங்கள் இனிட் கோப்பை முழுவதும் படித்து முடித்துவிடும். உங்கள் கோப்பில் 'டிஸ்ப்ளே கிராஃபிக் பி உண்மை என்றால் இந்த எழுத்துருவை வை' என்று எழுதியிருந்தால், கேள்வி கேட்கப்பட்ட நேரத்தில் பதில் 'இல்லை'. ஈமாக்ஸ் பொய் சொல்லவில்லை, அப்போது திரையே இல்லை. பிறகு நீங்கள் ஈமாக்ஸ்கிளையண்டால் சாளரம் திறக்கும்போது அந்தக் கேள்வியை யாரும் மறுபடி கேட்பதில்லை.

டெமன் ஓடும்போது ஃபிரேம் பட்டியலை லிஸ்ப்பில் கேட்டுப் பாருங்கள். நீங்கள் திறந்த சாளரத்தோடு கூடவே எஃப்1 என்று ஒன்று நிற்கும். உங்கள் இனிட் கோப்பு ஓடியது அதன்மேல்தான்.

2009இல் வந்த 23ஆம் பதிப்பிலிருந்து ஒரே ஈமாக்ஸ் செயல்முறை ஒரு பக்கம் சாளரத்திலும் மறுபக்கம் டெர்மினலிலும் ஒரே நேரத்தில் இருக்கலாம். அதனால் 'விண்டோ சிஸ்டம்' என்ற மாறி முழு நிரலுக்குமான உண்மை இல்லை, ஒவ்வொரு டெர்மினலுக்கும் தனி. 'இது சாளர ஈமாக்ஸா?' என்று கேட்பதை விட்டுவிட்டு 'இந்த ஃபிரேம் சாளரமா?' என்று கேட்கப் பழகினால் இந்த வகைக் குழப்பங்கள் வராது.

எழுத்துரு மட்டும்தான் வேண்டும் என்றால் எளிய வழி, அதை 'டிஃபால்ட் ஃபிரேம் ஏலிஸ்ட்'டில் சேர்த்துவிடுவது. இனிமேல் பிறக்கிற ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது போய்ச் சேரும், திரை இருக்கிறதா என்ற சோதனையே வேண்டாம். நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். அதற்கு மேல் ஏதாவது ஓட வேண்டும் என்றால் 'சர்வர் ஆஃப்டர் மேக் ஃபிரேம் ஹுக்'கில் மாட்டுங்கள். 27ஆம் பதிப்பில் வந்தது. புதிய ஃபிரேம் தேர்வாகியிருக்கும் நிலையில் ஓடும். 'ஆஃப்டர் மேக் ஃபிரேம் ஃபங்ஷன்ஸ்' பழையது. அதில் புதிய ஃபிரேம் மதிப்பாகத்தான் கைக்கு வரும், அது தேர்வாகியிருக்கும் என்று நம்பக்கூடாது. பழைய வழியைப் பயன்படுத்தி, கைக்கு வந்த மதிப்பைப் பார்க்காமல் விட்டவர்களுக்கு 'சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் செய்யவில்லை' என்ற அறிகுறி வரும்.

'ஏர்லி இனிட்' கோப்பில் எழுத்துருவை ஆராய்கிற வரிகளை வைத்து அவை வேலை செய்யவில்லை என்றாலும் காரணம் இதே குடும்பம். அந்தக் கோப்பு ஓடுவது சாளர அமைப்பு தொடங்கும் முன்பு. திரையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய எதையும் அங்கே வைக்காதீர்கள்.

அறிகுறி: எக்ஸ் அமர்வை மூடினால் டெமனும் சேர்ந்து சாகிறது

ஜிடிகே கருவிப்பெட்டியோடு (பட்டன், மெனுக்களை வரையும் நூலகம்) கட்டிய ஈமாக்ஸில் இது நெடுநாள் பிரச்சினை. எக்ஸ் இணைப்பு எதிர்பாராமல் அறுந்தால் ஜிடிகே அதைத் தாங்காது. டெமனைத் தொடங்கும்போதே இதைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரும், யாரும் படிப்பதில்லை. அமைப்புகளை மாற்றித் தீர்க்கமுடியாது. லூசிட் கருவிப்பெட்டியோடு மறுபடி கட்டவேண்டும். எக்ஸுக்குப் பதிலாக வேலண்ட் பயன்படுத்துகிறவர்களுக்கு 2023இல் 29ஆம் பதிப்பில் வந்த பிஜிடிகே இருக்கிறது. ஆனால் பிஜிடிகே கட்டமைப்பை எக்ஸ் மேல் ஓட்டாதீர்கள், அது ஆதரிக்கப்படாத சேர்க்கை.

அறிகுறி: டெர்மினலில் திறக்கிறது, நிறங்கள் வெளிறியிருக்கின்றன

'டிஸ்ப்ளே கலர் செல்ஸ்' என்ன சொல்கிறது என்று பாருங்கள். 8 என்றால் டெர்ம் மாறியின் பெயர் எளிய வகையைச் சுட்டுகிறது, 256 நிற வகைக்கு மாற்றுங்கள். 256 வந்தும் 24 பிட் நிறம் வேண்டும் என்றால் கலர்டெர்ம் மாறியில் 'ட்ரூகலர்' இருக்கிறதா என்று பாருங்கள். டெர்ம் போல இது எஸ்எஸ்ஹெச்சோடு தானாகப் பயணிக்காது.

மூலநிரலில் கை வைத்தவர்களுக்கு

புதிய திரை வகையைச் சேர்க்கிறீர்கள், அல்லது இருப்பதைத் திருத்துகிறீர்கள் என்றால் வருகிற அறிகுறிகள் வேறு.

தொடங்கியதும் 'ஈமாக்ஸ் அபார்ட்' என்று விழுந்து, பின்தடத்தில் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலில்) 'ஃபிரேம்பி' அல்லது 'டெர்மினல் லைவ் பி' இருந்தால் சுலபம். இரண்டிலும் வகையைப் பார்த்துப் பிரிகிற ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, தெரியாத வகை வந்தால் அபார்ட். 'டெர்ம்ஹுக்ஸ்' தலைப்புக் கோப்பில் புது வகையைச் சேர்த்துவிட்டு இந்த இரண்டையும் மறந்திருப்பீர்கள்.

'ஆதரிக்கப்படாத விண்டோ சிஸ்டம்' என்று லிஸ்ப் பிழை வந்தால் சி பகுதி தன் வேலையைச் செய்துவிட்டது. மாறியில் எழுதிய பெயரோடு 'வின்' சேர்த்து ஒரு லிஸ்ப் அம்சம் இருக்கவேண்டும் என்று ஸ்டார்ட்அப் எதிர்பார்க்கிறது. எக்ஸுக்கு எக்ஸ்-வின், மேக்குக்கு என்எஸ்-வின். உங்களுடையதை 'லோட்அப்' கோப்பில் சேர்க்கவில்லை, அல்லது அதன் கடைசியில் 'ப்ரொவைட்' விட்டுப்போயிருக்கிறது.

சாளரம் திறந்தும் ஈமாக்ஸ் அதை டெர்மினல் போலவே நடத்தினால் 'ஃபிரேம் விண்டோ பி' என்ற மேக்ரோவைப் பாருங்கள். 'ஃபிரேம்' தலைப்புக் கோப்பில் ஒவ்வொரு சாளர அமைப்பும் அதைத் தனக்கென்று வரையறுக்கிறது. ஒருவரும் வரையறுக்காவிட்டால் எப்போதும் 'இல்லை' என்று சொல்கிற ஒரு வரையறை கடைசியில் காத்திருக்கிறது. தொகுப்பான் ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்காது. ஒரே கட்டமைப்பில் ஒரு சாளர அமைப்புதான் இருக்கமுடியும் என்பதால் அது அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

கடைசியாக, பூஜ்ய முகவரியில் விழுகிற செக்மென்டேஷன் பிழை. ஒவ்வொரு டெர்மினலும் ஃபங்ஷன் சுட்டிகளின் ஒரு தொகுப்பை வைத்திருக்கிறது: ஃபிரேமைத் துடைக்க ஒன்று, நிறத்தைத் தேட ஒன்று, டெர்மினலை அழிக்க ஒன்று. 'கிரியேட் டெர்மினல்' இவை எல்லாவற்றையும் பூஜ்யமாகத்தான் கொடுக்கும், நிரப்புவது உங்கள் வேலை. பொம்மை டெர்மினலில் இரண்டு மூன்று தவிர மற்றவை பூஜ்யமாகவே கிடக்கின்றன. 'ஆர்ஐஎஃப்' என்கிற மறுவரைதல் தொகுப்பு டெர்மினல் திரைகளுக்குக் கிடையவே கிடையாது. அதனால் இப்படிப்பட்ட ஒரு ஹுக்கை (ஃபங்ஷன் சுட்டியை) அழைக்கும் முன் இருக்கிறதா என்று கேட்காத வரி, சாளரத்தில் எத்தனை முறை ஓட்டினாலும் சரியாக ஓடும்; டெமனிலோ என்டபிள்யூவிலோ முதல் தடவையே விழும். நீங்கள் எழுதிய எந்தத் திருத்தத்தையும் சாளரம், என்டபிள்யூ, டெமன், பேட்ச் (திரையே இல்லாமல்) என்று நான்கு விதமாகவும் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பிடிபடாதபோது ஜிடிபி என்ற பிழைதேடும் நிரல். 'எஸ்ஆர்சி' அடைவுக்குள் நின்று தொடங்குங்கள், அங்கே உள்ள ஜிடிபிஇனிட் கோப்பு லிஸ்ப் பின்தடத்தைக் காட்டும் கட்டளைகளைத் தரும். 'இனிட் டிஸ்ப்ளே இன்டர்ஆக்டிவ்', 'இனிட் டிடிஒய்', 'எக்ஸ் டெர்ம் இனிட்' மூன்றிலும் நிறுத்தம் வையுங்கள். முதலாவதில் நின்று இரண்டாவதற்குப் போனால் டெர்மினல் என்று முடிவாகிவிட்டது. மூன்றாவதற்குப் போனால் சாளரம். முதலாவதற்கே வரவில்லை என்றால் கோளாறு திரையைப் பற்றியதே அல்ல. டெர்மினல் வழியைச் சோதிக்கும்போது ஜிடிபியையும் ஈமாக்ஸையும் ஒரே டெர்மினலில் ஓட்டாதீர்கள், இரண்டும் ஒரே திரைக்கு அடித்துக்கொள்ளும். இன்னொரு டெர்மினலைத் திறந்து அதன் கருவிப் பெயரை ஜிடிபியின் டிடிஒய் கட்டளைக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.